காந்தம் பேட்டரி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலுவிழந்த காந்தத்தை வலுவான காந்தத்தால் தேய்த்து மீட்கலாமா என்று தங்கள் அறிவியல் கேள்வி பதில் பகுதியில் ஒரு மாணவர் கேட்டிருந்தார். மீட்கலாம் என்ற பதில் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஆனால் ஒவ்வொரு முறையும் வலுவான காந்தத்தின் சக்தி கொஞ்சம் மற்றதற்குப் போய்விடும்; நாளடைவில் பேட்டரி போலத் தீர்ந்துவிடும்’ என்று அடுத்த வாக்கியம் சொல்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். படித்ததும் வருந்தினேன், வழக்கம்போல இதழை மடித்து வைத்துவிட்டேன்.

சென்ற வாரம் நான் பணியாற்றிய பள்ளிக்குப் போன பிறகு அப்படி இருக்க முடியவில்லை. ஆய்வக அலமாரிக் கதவின் உட்புறம் தங்கள் வாக்கியத்தை வெட்டி ஒட்டி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார்கள். அதன் கீழே, பூட்டிய இழுப்பறைக்குள், நான் விட்டுவந்த, மற்றவற்றைத் தேய்த்து மீட்கும் வலுவான நியோடிமியம் காந்தம். “தீர்ந்துபோய்விடும் என்று போட்டிருக்கிறார்களே சார், அதனால்தான் எடுத்துப் பூட்டிவைத்தேன்” என்றார் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை. பொறுப்பான பெண். மேசையில் பிள்ளைகள் கையில் இருந்த சட்டக் காந்தமோ ஒரு குண்டூசியைக்கூடத் தூக்கவில்லை. அந்த ஆசிரியையை நான் எப்படிக் குறை சொல்வேன்? அச்சில் வந்ததை நம்பினார்.

அந்தக் காந்தத்தை 2011இல் சென்னை ரிச்சி தெருவில் கைக்காசு போட்டு வாங்கினேன். 25 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன் உள்ள வில்லை. வாங்கிவந்ததும், காந்தத்தின் வலுவை முள்ளின் விலகலால் காட்டும் விலகு காந்தமானியில் 30 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தேன். முள் 40 பாகை விலகியது. பிறகு ஒன்பது ஆண்டுகள் எங்கள் பள்ளியின் சட்டக் காந்தங்கள், காந்த ஊசிகள், பக்கத்துப் பள்ளிகளிலிருந்து மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தவை என இருநூற்று நாற்பதுக்கு மேல் அந்த ஒரே வில்லையில் தேய்த்து மீட்டிருக்கிறேன். ஒவ்வோர் ஜூன் மாதமும் அதே மேசையில், அதே தொலைவில் அளந்து நோட்டில் எழுதிவைத்தேன். நான் ஓய்வுபெற்ற ஆண்டின் குறிப்பும் 40 பாகைதான்.

ஆற்றல் அழியாது என்பதால், அந்த இருநூற்று நாற்பதுக்கும் ஆற்றலை யாரோ கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கொடுத்தது கை. சட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்ட வில்லையை நகம் மடங்க இழுத்துப் பிரித்துவிட்டு, “ஒட்டும்போது தானாக ஒட்டிக்கொள்கிறது சார், எடுக்கத்தான் உயிர் போகிறது” என்று ஒரு மாணவி சொன்னாள். அந்த ஆண்டு என் வகுப்பில் எவரும் அதைவிடச் சரியாக இயற்பியல் பேசவில்லை. ஒட்டும்போது காந்தம் இழுத்துக் கொடுக்கும் வேலையைப் பிரிக்கும்போது நாம் திருப்பிக் கொடுக்கிறோம். அதற்கு மேலும் கொஞ்சம் கொடுக்கிறோம். அந்த மிகுதிதான் எஃகுக்குள் தாறுமாறாகக் கிடக்கும் டொமைன்கள் என்ற நுண்ணிய காந்தப் பகுதிகளைத் திருப்புகிறது, பெரும்பாலும் வெப்பமாகவும் போய்விடுகிறது. காந்தமாக்கித் திருப்பும் ஒரு சுற்றில் இப்படிச் செலவாகும் ஆற்றலைக் காந்தத் தயக்கக் கண்ணி என்ற வரைபடத்தின் பரப்பு காட்டும் என்று தாங்களும் படித்திருப்பீர்கள். சட்டக் காந்தம் செய்யும் அல்னிகோ உலோகக் கலவைக்கு ஒரு முழுச் சுற்றில் கன சென்டிமீட்டருக்குச் சுமார் கால் ஜூல். பள்ளிச் சட்டக் காந்தம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு ஜூல் அளவுக்குத்தான் வரும். ஒரு டம்ளர் தண்ணீரை மேசையிலிருந்து வாய்க்குக் கொண்டுபோகும் வேலை அது. திசைகாட்டி ஊசி வலுவிழந்தால் மறுபடி தேய்ப்பதற்காக மாலுமிகள் ஒரே காந்தக்கல்லைக் கடல் பயணம் முழுவதும் வைத்திருந்தார்கள். கல் தீர்ந்துவிடும் என்று அவர்கள் பயப்படவில்லை.

நிலைக்காந்தம் வலுவிழப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கீழே போட்டால், சூடுபடுத்தினால் இழக்கும். சாதாரண நியோடிமியத்துக்கு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து. பழைய சட்டக் காந்தங்கள் இரண்டை ஒத்த முனைகள் ஒரே பக்கம் இருக்கும்படி சேர்த்து வைத்தால் இரண்டுமே கெடும். எதிர்ப்புலம் டொமைன்களைக் கலைப்பதால் வரும் கேடு அது. ஒன்று கொடுத்து மற்றொன்று வாங்கியிருந்தால் ஒன்றாவது வலுப்பெற்றிருக்க வேண்டுமே. எதிர் முனைகளைப் பக்கத்தில் வைத்து, இரு நுனியிலும் காப்பான் என்ற தேனிரும்புத் துண்டைப் போட்டு வையுங்கள் என்று எழுதியிருந்தால் எத்தனை பள்ளிகளுக்குப் பயன்பட்டிருக்கும்!

எல்லாவற்றுக்கும் வேர் ‘சக்தி’ என்ற சொல். விசையும் சக்தி, ஆற்றலும் சக்தி, திறனும் சக்தி என்று தங்கள் பக்கத்தில் எழுதுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க நாங்கள் படும் பாடு ஒரே பத்தியில் வீணாகிறது. காந்தம் விசையோடு இழுப்பதைச் சக்தி என்று எழுதிவிட்டால், சக்தி செலவாகும், செலவானால் தீரும் என்று அடுத்த வாக்கியம் தானாக வந்து விழுகிறது.

மின்சாரமே இல்லாமல் காந்தத்தால் மட்டும் சுற்றும் மின்விசிறி என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் படத்தோடு போட்டீர்கள். அன்றைக்குக் காந்தம் வற்றாத சுரங்கம். இன்றைக்கு அதுவே தீர்ந்துபோகும் பேட்டரி. இரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்த வளையல் இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்றும் வந்தது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியின் இரும்பைப் போல ஈர்க்கப்படுவதில்லை. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அரைமணி நேரம் படுத்து எழுந்து வருகிறவர்கள் இரத்தம் ஒரு பக்கம் ஒதுங்கியா வருகிறார்கள்? இரண்டு முறையும் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை. என் தந்தை காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் என்பதால்தான் இவ்வளவு மனவருத்தம். வேறு இதழாக இருந்தால் தபால்தலை வாங்கியிருக்க மாட்டேன்.

கட்டுரை எழுத இடம் கேட்கவில்லை. பதில் எழுதியவர் பெயரைச் சொல்லவும் வேண்டாம். ‘வலுவான காந்தத்தால் வேறு காந்தங்களைத் தேய்ப்பதால் அது தீர்ந்துபோகாது, செலவாவது தேய்ப்பவர் கையின் ஆற்றல்’ என்று இரண்டு வரித் திருத்தம் போதும். அளவுகள் எழுதிய நோட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பழைய துண்டின் மேலேயே ஒட்டிவிட்டு, இழுப்பறையைத் திறக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.