நடுநிலைப் பள்ளி இசை வகுப்பின் ஆர்மோனியத்தைப் பழுதுநீக்க அனுமதி கோரும் நினைவூட்டல் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், பெற்றோர், ஊர்க் கூத்து ஜமாவினர் (தெருக்கூத்துக் குழுவினர்),
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

பொருள்: 6, 7, 8ஆம் வகுப்பு மாணவர்களின் இசை மற்றும் கூத்துப் பயிற்சி – பள்ளி ஆர்மோனியத்தைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று பழுதுநீக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துச் சென்ற கல்வியாண்டிலும் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் தங்கள் அலுவலகத்தில் அளித்த மனுக்கள், மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த மனு. எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி தங்களுக்குப் புதிதல்ல. ஒரு பக்கம் நெல் அரவை மில், இன்னொரு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்களம், நடுவில் பள்ளி. சத்துணவுக் கூடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் இசை வகுப்பு நடக்கிறது என்பதையும் ஆய்வுக்கு வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். ஆகவே இடத்தைப் பற்றி அதிகம் விளக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஓர் ஆர்மோனியம் உள்ளது. விரலால் அழுத்தும் கட்டைகள் 39, இரட்டை ரீடு (ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி எழுப்பும் இரண்டு பித்தளை நாக்குகள்), கைத்துருத்தி. அது இப்போது வாசிக்கும் நிலையில் இல்லை. பள்ளிச் சொத்து என்பதால் தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார் தலைமையாசிரியர். அவர் சொல்வதில் தவறில்லை. செலவு முழுவதையும் முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அரசிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. அனுமதிக் கடிதம் ஒன்றை மட்டுமே பணிவுடன் வேண்டுகிறோம்.

1. பழுது என்னவென்று ஜமாவில் ஆர்மோனியம் வாசிப்பவரே திறந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். துருத்தி மடிப்புகளை எலி கடித்திருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் காற்று நிற்பதில்லை. நடு ஸ்தாயியில் (ஸ்தாயி என்பது ஸா முதல் மேல் ஸா வரையுள்ள ஸ்வர வரிசை) நான்கு ரீடுகள் பேசுவதே இல்லை. மழைக்கால ஈரத்தில் பித்தளையில் களிம்பு ஏறி மற்ற ரீடுகளும் சுருதி விலகிவிட்டன. ஒரு கட்டைக்கு ஸ்பிரிங் தளர்ந்து, விரலை எடுத்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கிறது. தூசு அடைத்த ரீடாக இருந்தால் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத்தை விட்டு உருவினாலே பேசிவிடும். அதைப் பள்ளியிலேயே செய்து பார்த்தாயிற்று. சுருதி சேர்ப்பது அப்படிச் செய்கிற வேலையல்ல. ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும், கொஞ்சம் கூடிப்போனால் ரீடே வீண். 39 கட்டைக்கு 78 ரீடுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். துருத்திக்குப் புதுத் துணியும் தோலும் ஒட்டிக் காயவைக்க வேண்டும். இதெல்லாம் பட்டறையில் நடக்கிற வேலை என்பதால்தான் வெளியே கொண்டுபோக அனுமதி கேட்கிறோம்.

2. "செல்போனில் பாட்டைப் போட்டுக் கற்றுக்கொடுக்கலாமே" என்று முன்பு எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். அதனால் பிள்ளைகளின் தொண்டை கெடுகிறது. இந்த மனுவில் தாங்கள் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரமிருக்கும் என்றால், தயவுசெய்து இதைப் படிக்க வேண்டும்.

11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டைச் சுருதிதான் பொருந்தும் (கட்டை என்பது இங்கே சுருதியின் உயரம்; எண் கூடினால் சுருதி ஏறும்). அதில் ஸா முதல் மேல் ஸா வரை சிரமமில்லாமல் பாடுவார்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று ஸ்வரம் எட்டும். செல்போனில் போடும் கரோக்கித் தடமோ (பாட்டின் பின்னணி இசைப் பதிவு) பெரியவர்களின் குரலுக்காகப் பதிவு செய்தது. ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடிய பாட்டைப் போட்டால், அதன் கீழ் ஸ்வரங்களில் பிள்ளைகளுக்குக் குரலே எழாது. உடனே மொத்த வகுப்பும் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடுகிறது. பல்லவி எப்படியோ ஓடிவிடும். சரணத்தில் பாட்டு ஏறுகிற இடத்தில்தான் விபரீதம்: தாடையை முன்னே நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். பக்கத்தில் மில் ஓடுகிறது, அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று இன்னும் கத்துகிறார்கள். வகுப்பு முடிவதற்குள் வரிசையாக இருமல். அடுத்த பாடவேளையில் செய்யுளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் பாதிப் பேருக்குச் சத்தத்துக்குப் பதில் காற்றுதான் வருகிறது, ஐயா.

ஆர்மோனியம் இருந்தால் இதற்குத் தீர்வு ஒரு விநாடி வேலை. ஐந்து கட்டையில் எட்டவில்லையா, ஆசிரியை நாலரைக்கு இறங்குவார். இன்னும் எட்டவில்லையா, நாலு. பிள்ளையின் குரல் இருக்கிற இடத்துக்குப் பாட்டு வரும். தடத்தைப் போட்டால், பாட்டு இருக்கிற இடத்துக்குப் பிள்ளை போக வேண்டியிருக்கிறது.

ஆரம்பப் பாடமும் இதில் அடிபட்டுப் போகிறது. முதலில் ஸா மட்டும், வாயை மூடி 'ம்' என்று. பிறகு ஸா, பா. பிறகு மேல் ஸா. அதற்குப் பிறகுதான் சரளி வரிசை என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சி. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில். அதில் ரி, ஸாவை ஒட்டியே நிற்கும். ஸா கொஞ்சம் நழுவினாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். காதில் ஸா விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும், பிள்ளை தடுமாறும்போது அந்த ரி-யைத் தனியே தொட்டுக் காட்டவும் வேண்டும். இரண்டையும் ஒரே கருவியில் செய்து காட்ட ஆர்மோனியம்தான் வழி.

3. எட்டாம் வகுப்புப் பையன்களின் நிலைமை இதைவிட மோசம். 12 முதல் 14 வயதுக்குள் மகரக்கட்டு உடைகிறது, அதாவது பருவ வயதில் பையன்களின் குரல் மாறுகிறது. நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் கீறிட்டுக் கவிழும், வகுப்பு சிரிக்கும். அந்த மாதங்களில் பலருக்கு ஒழுங்காக எழுவது ஐந்தாறு ஸ்வரம்தான். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவனையும் தனியே உட்காரவைத்து, ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே போய், எங்கே இறுக்கமில்லாமல் குரல் நிற்கிறது என்று கேட்டு, நோட்டில் குறிக்க வேண்டும். மாதம் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். சிலர் இரண்டு கட்டைக்கு இறங்கியிருப்பார்கள், சிலர் ஒன்றுக்கே போயிருப்பார்கள். அவனவன் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்குகிற பின்பாட்டு வரியைக் கொடுக்க வேண்டும். அதுவும் முடியாத வாரங்களில் கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) வசனம், தாளம், மத்தளம் என்று மாற்றிவிட வேண்டும். அவன் கூத்தை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களே நடிக்கும் பால சபையைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பிரச்சினை நாடகக்காரர்களுக்குத் தெரியும். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட அத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களில் குரல் உடைந்த பையனுக்குப் பாட்டு வேஷம் போய்விடும். நூறாண்டு கழிந்து அரசுப் பள்ளியிலும் அதே கதி வர வேண்டுமா? பழைய உச்சத்திலேயே பாடு என்று தடத்தைப் போட்டால் தொண்டை புண்ணாகிறது. வேண்டாம் என்று ஒதுக்கினால் அந்தப் பையன் பிறகு பாடவே வாய் திறப்பதில்லை. எங்கள் பள்ளியில் இப்போது இரண்டுமே நடக்கின்றன. எந்தப் பையனுக்கு எந்தக் கட்டை என்று பார்க்கக் கருவி இல்லை. அவ்வளவுதான் காரணம்.

4. கூத்துப் பயிற்சி. வடமாவட்டங்களில் கூத்து எப்படிப்பட்டது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கென்று 20 நிமிடத்துக்குள் சுருக்கி அமைத்திருக்கிறோம்: வேஷக்காரர்கள் 6 பேர், பின்பாட்டுக்கு 8 பேர், மத்தளம், தாளம், திரை பிடிக்க 2 பேர். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம், திரை விலகியதும் தரு (தாளத்தோடு பாடும் பாட்டு), அடவு, கிறிக்கி (சுழன்றாடுதல்), வசனம். சிக்கல் விருத்தத்தில் வருகிறது. அதற்குத் தாளம் கிடையாது. பிடித்துக்கொள்ளச் சுருதி ஒன்றுதான். துணையில்லாமல் பாடுகிற பிள்ளை, நான்கு அடி முடிப்பதற்குள் அரைக் கட்டை, ஒரு கட்டை கீழே வந்துவிடும். உடனே தரு தொடங்குகிறது. மத்தளம் பழைய சுருதியில் நிற்கிறது, பிள்ளை ஒரு சுருதியில், பின்பாட்டு வேறொரு சுருதியில். மத்தளத்தின் வலந்தலையை (வலப்பக்கத் தோலை) சுருதி சேர்ப்பதே ஆர்மோனியத்தின் ஸாவை வைத்துத்தான். முகவீணைக்காரர் (முகவீணை நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) உதவிக்கு வரத் தயார். ஆனால் முகவீணையின் சுருதி மரத்தில் துளைபோட்டபோதே முடிவானது. அது பிள்ளைகளுக்காக இறங்காது. ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். கிறிக்கி சுற்றி முடித்த மூச்சோடு அடுத்த அடியை எடுக்கும்போது சுருதி காதில் விழவில்லையென்றால் எடுப்பு தப்பிவிடுகிறது. பிள்ளை நடுக்களத்தில் நின்று ஆசிரியை முகத்தைப் பார்க்கிறது.

5. "சுருதிப் பெட்டிச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது" என்றும் சொன்னார்கள். அது ஸா-பா-ஸா மட்டும் தரும். பிள்ளை எந்த ஸ்வரத்தில் தவறுகிறதோ அதை வாசித்துக் காட்டாது. சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஸ்தாயி எடுபடாது. நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் பாடும்போது முதல் வரிசையைத் தாண்டிக் கேட்காது. மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் முதல் வரிசைக்கும் கேட்காது. போனும் ஆசிரியையின் சொந்தப் போன். ஆர்மோனியத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது என்பாரும் உண்டு. உண்மைதான். அதையும் ஒரு காரணமாகக் கொண்டு அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது, பிறகு சேர்த்துக்கொண்டது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஸ்வரத்தில் நிற்பது. கமகத்தை ஆசிரியை வாயால் பாடிக் காட்டுவார்.

6. பழைய இசை அறை கணினி ஆய்வகமானது, அதனால்தான் வகுப்பு கொட்டகைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு அதுவும் தேவை, குறை சொல்லவில்லை.

7. இசை ஆசிரியை பகுதிநேரப் பணியாளர், வாரத்துக்கு மூன்று அரை நாள். ஒரு பாடவேளை 40 நிமிடம். பாதி நேரம் சுருதி பிடிப்பதிலேயே போய்விடுகிறது. அவருடைய ஊதியம் அரசு முடிவு செய்ய வேண்டியது, அதைத் தங்களிடம் கேட்கவில்லை. அவர் கையில் ஒரு கருவி கொடுங்கள் என்கிறோம்.

8. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, 6 முதல் 8 வரை நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்குக் கலைக் கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எங்கள் பள்ளிக்குப் பயிற்றுநர் இருக்கிறார். 2022-23இலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பெயர் கொடுங்கள், பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள் என்று சுற்றறிக்கை தவறாமல் வருகிறது, தேதியோடு வருகிறது, ஒரு நாள் தாமதமானால் விளக்கமும் கேட்கப்படுகிறது. எங்கள் மனுவுக்கு மட்டும் தேதியும் இல்லை, விளக்கமும் இல்லை. தயார் செய்யுங்கள் என்றால் எதை வைத்து ஐயா தயார் செய்வது? மனு எங்கே என்று கேட்டால் "மேலே போயிருக்கிறது" என்கிறார்கள். மேலே என்றால் எங்கே? கட்டடம் கேட்டோமா, பணியிடம் கேட்டோமா, நிதி கேட்டோமா? எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இருக்கும் பெட்டியை, எங்கள் செலவில் சரிசெய்து, அதே பள்ளியில் திரும்ப வைக்கிறோம் என்கிறோம். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதிக் கொடுங்கள். வேறு வழி பார்த்துக்கொள்கிறோம். எட்டாம் வகுப்பில் சென்ற ஆண்டு குரல் உடைந்த பிள்ளைகள் இப்போது வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த அணிக்கும் இப்போதே குரல் உடையத் தொடங்கிவிட்டது. கோப்பு மெதுவாக நகரலாம் ஐயா, மகரக்கட்டு காத்திருக்காது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள்மீது எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை. மனு தங்கள் பார்வைக்கே வராமல் போயிருக்கலாம் என்றுதான் நம்புகிறோம்.

ஆகவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து:

(அ) இருப்புப் பதிவேட்டிலுள்ள ஆர்மோனியத்தைத் தலைமையாசிரியரின் ஒப்புகையுடன் பட்டறைக்கு எடுத்துச் சென்று, மூன்று வாரத்துக்குள் திரும்ப ஒப்படைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வழங்க வேண்டும்.

(ஆ) பட்டறையில் பார்த்து, ரீடுப் பலகை தேறாது என்று தெரிந்தால், அதைக் கழிவு செய்யவும், முன்னாள் மாணவர்கள் வாங்கித் தரும் புதிய ஆர்மோனியத்தைப் பள்ளிக் கணக்கில் ஏற்கவும் அதே கடிதத்தில் ஆணையிட வேண்டும். அதற்கு இன்னொரு மனு எழுத வைக்காதீர்கள்.

(இ) திரும்பி வந்தபின் எலியும் ஈரமும் அண்டாமல் இருக்கத் தலைமையாசிரியர் அறையிலுள்ள மர அலமாரியின் மேல்தட்டில் வைக்கவும் வாய்மொழியாகவாவது சொல்ல வேண்டும். மறுபடி அதே கொட்டகையில் வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி களிம்பு ஏறும்.

மூன்றும் ஒன்றாக முடியாவிட்டால் (அ) ஒன்றையாவது இந்த வாரமே செய்து தரும்படி தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். கடிதம் கையில் கிடைத்த மறுநாள் பெட்டியைப் பட்டறையில் சேர்த்துவிடுவோம். அனுமதி கொடுங்கள் ஐயா.

பட்டறைக்காரரின் செலவு மதிப்பீடு, முந்தைய மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டு, இருப்புப் பதிவேட்டின் உரிய பக்கத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுவினர், பெற்றோர், கூத்து ஜமாவினர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

நகல்: வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்; தலைமையாசிரியர் அவர்கள்.