அம்மாவைத் தூக்கிய ஆறு பேருக்கு

அன்புள்ள சபையாருக்கு,

இதன் ஆங்கில வடிவத்தை இரண்டாம் ஞாயிறன்று உங்கள் முன்னால் வாசித்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. மீதியைத் தமிழில்தான் எழுத வருகிறது. திருநெல்வேலியில் என் சித்தப்பாக்கள், "அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா? மதினிய யாரு தூக்குனா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

தூக்கியவர்கள் நீங்கள்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில், சன்பிளவர் கவுண்டியின் பருத்திக் காட்டோரம், நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும், வெள்ளை வண்ணம் பூசிய பலகைச் சர்ச். கறுப்பர்களின் சர்ச். பாஸ்டர் இரண்டு சபைகளைப் பார்த்துக்கொள்வதால் இங்கே இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் மட்டும் ஆராதனை. மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற கட்டடம் என்று நினைத்துக்கொண்டுதான் மூன்று வருடமாக அதைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வந்தேன்.

பேத்தியைப் பார்க்க வந்திருந்த அம்மா மார்ச்சில் ஒரு விடியற்காலை எழுந்திருக்கவில்லை. என் வகுப்புப் பையன் ஒருவனின் பாட்டிக்கு எப்படியோ சேதி போயிருக்கிறது. பதினொரு மணிக்குள் வாசலில் ஏழு கார்கள். துஷ்டி வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தீர்கள். நாங்கள் சைவம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கோழிகூடவா?" என்று கேட்டார் மதர். (சபையின் மூத்த பெண்களை நீங்கள் அழைப்பது அப்படித்தான்.) ஆமாம் என்றதும் என் மேல் அவருக்கு இரக்கம் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது. மறுநாள் பன்றி எலும்பு போடாத கீரை, தட்டைப்பயறு, வெண்டைக்காய். தட்டைப்பயறும் வெண்டைக்காயும் அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்தவை. அம்மா இருந்திருந்தால் புளி போதாது என்றிருப்பாள்.

இறுதிச் சடங்குகளுக்கான ஃபியூனரல் ஹோம் நடத்தும், சபை ஊழியரான டீக்கனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் கையால் அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை கட்டித் திருநீறு பூச வேண்டும் என்றபோது ஏன் என்று கேட்காமல் வெந்நீர் எடுத்து வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றார். பிறகு வெள்ளைக் கையுறை போட்ட ஆறு பேர். அதில் ஒருவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

எரியூட்டும் இடத்துக்கு நெடுந்தூரம். வழியெல்லாம் டீக்கன் பேசிக்கொண்டே வந்தார். அடக்கச் செலவுக்கென்று கறுப்பர்கள் வாரம் ஒரு காசு கட்டிவந்த சங்கங்களைப் பற்றி. உயிரோடிருந்தபோது மதிக்கப்படாத மனிதரை மண்ணுக்காவது மரியாதையோடு அனுப்ப வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பற்றி. பக்கத்து மவுண்ட் பையூவில் 1942இல் திறந்த டபோரியன் ஆஸ்பத்திரியும் அப்படி ஏழைகளின் சந்தாவில் எழுந்ததுதான். பள்ளிக்கூடம் கிடைக்காத காலத்தில் சர்ச்சே பள்ளிக்கூடமும்.

ரூல்வில் ஊரில் வில்லியம்ஸ் சேப்பல் என்ற சர்ச்சைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினார். கறுப்பர்களும் வாக்காளராகப் பதியலாம் என்பதையே, பின்னாளில் வாக்குரிமைப் போராளியான ஃபேனி லூ ஹேமர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 1962 ஆகஸ்ட்டில் அங்கே நடந்த கூட்டத்தில். அப்போது அவருக்கு வயது 44. அந்த மாதம் 31ஆம் தேதி கவுண்டியின் தலைமையிடமான இண்டியனோலாவுக்குப் போய்ப் பதிய முயன்றுவிட்டுத் திரும்பியவரை, 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றினார்கள். 1964 கோடையில் மட்டும் மிசிசிப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பர் சர்ச்சுகள் எரிந்தன. எரிக்க வந்தவர்களுக்கு அந்தப் பலகைக் கட்டடங்கள் என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது. வாசல் வழியாகவே தினமும் போய்வந்த எனக்குத்தான் தெரியவில்லை.

பதினாறாம் நாளைக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. சர்ச் கூடத்தைத் திறந்துவிட்டீர்கள். ஒரு குத்துவிளக்கு ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. பாஸ்டர் முந்திக்கொண்டு, "உன் அம்மா என்ன பாடுவார்?" என்றார். அவள் பாடும் பதிகத்தை ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் தொண்டை அடைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேக் யுவர் டைம், பேபி." இன்னொரு குரல்: "ஆமென்." ஒரு எழுத்தும் புரியாமல் அடிக்கு அடி "யெஸ்" என்று தாங்கிப்பிடித்துக் கடைசி வரை பாட வைத்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஒப்பாரி வைப்பவளை, "நிறுத்தாதே தாயி" என்று இப்படித்தான் பக்கத்திலிருப்பவள் முதுகைத் தடவுவாள்.

சித்தப்பா, போதுமா? தூக்க ஆள் இருந்தது.

இன்னொன்று. பேர் எழுதிப் பிளாஸ்டர் ஒட்டிய பாத்திரங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேர் இல்லாத மூன்று இன்னும் என் அடுக்களையில் இருக்கின்றன: நீல மூடி போட்டது ஒன்று, விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணம். நான்காம் ஞாயிறு எடுத்துக்கொண்டு வருகிறேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. சர்க்கரைப் பொங்கல் இருக்கும்; கோழி இருக்காது.

உங்கள்,
டீச்சர்