2,800 வெள்ளியும் பதினான்காம் பக்கமும்

பெறுநர்: நிர்வாகி, மசாஜ் பயிற்சி நிலையம்
பொருள்: பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது

ஐயா,

உங்கள் சுங்கை சிப்புட் வகுப்பில் மூன்று மாதம் படித்தவள் நான். கட்டிய பணம் 2,800 வெள்ளி. ரசீது நகலை இணைத்திருக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த காசு அது. இரக்கம் கேட்டு இதைச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கடை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும் என்று, ‘எஸ்கேஎம் இரண்டாம் நிலை’ எனக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைசியில் கைக்கு வந்ததோ ‘வகுப்பில் கலந்துகொண்டார்’ என்று அச்சடித்த ஒரு தாள். எஸ்கேஎம் சான்றிதழைத் தருவது மனிதவள அமைச்சின் கீழுள்ள ஜேபிகே என்ற திறன் மேம்பாட்டுத் துறை. அதற்குப் பயிற்சி நிலையம் அவர்களிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். என் மகள் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். உங்கள் நிலையத்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு உங்கள் அலுவலகப் பெண், “அது அடுத்த பேட்ச்சுக்குத்தான் அக்கா” என்றார். விளம்பரத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. (போன மாதம் அதைக் கிழித்துவிட்டீர்கள். என் கைப்பேசியில் படம் பத்திரமாக இருக்கிறது.)

சரி, சான்றிதழ் கிடக்கட்டும். எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு.

என் பாட்டி தோட்டத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் உருவி விட்டவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணம் பிடித்து வளர்ந்தவளுக்கு அமுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம். யாரைத் தொடக் கூடாது என்று படிக்கத்தான் உங்களிடம் வந்தேன். பாட்டியின் கைக்கு அது தெரியும். வாயால் சொல்ல வராது.

ஆறாவது வாரம், கூடப் படித்த அக்கா ஒருவர் மேசையில் படுத்தார். நாலு நாள் முன்புதான் ஜொகூரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. எண்ணெய் தடவப் போனேன். கையில் சூடு தெரிந்தது. வலது காலைத் தொட்டுப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன். உங்கள் ஆசிரியையோ, “தோட்டத்துக் கால் அப்படித்தான் இருக்கும். நல்லா அழுத்தி மேலே தள்ளுங்க” என்றார்.

நீங்களே கொடுத்த நோட்ஸில் பதினான்காம் பக்கத்தைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது. உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த கட்டி இருக்கலாம், அழுத்தினால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று காரணமும் இருக்கிறது. பிரித்துக் காட்டினேன். “அதெல்லாம் பரீட்சைக்கு” என்றார். அந்தப் பரீட்சையும் கடைசி வரை நடக்கவில்லை.

அக்காவை நானே கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக்கட்டுதான். இன்னமும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

அப்புறம், பன்னிரண்டு பேருக்கு இரண்டே மேசை. மூன்று மாதத்தில் நான் ஓர் ஆள்மேல் கை வைத்துப் பழகியது ஏழு முறை. மற்ற நாளெல்லாம் டிவியில் வீடியோ.

கட்டிய பணம் முழுவதும் 14 நாளுக்குள் எனக்குத் திரும்ப வர வேண்டும். புதிய பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆசிரியையை மறுபடி வகுப்பில் நிறுத்துமுன் பதினான்காம் பக்கத்தை அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பணம் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். அங்கே 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. அதற்கான படிவம் 1-ஐ நிரப்பி வைத்துவிட்டேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான்.

இப்படிக்கு,
மூன்றாம் பேட்ச் மாணவி