துரும்பன் பூனைக் குட்டிகளை எடுத்துட்டுப் போறதை நிறுத்தச் சொல்லி மனு

பெறுநர்: மாவட்ட வன அலுவலர் அவர்கள்
பொருள்: கரும்பு வெட்டுல கெடைக்கிற துரும்பன் பூனைக் குட்டிங்கள தாயோட சேக்கறது சம்பந்தமா

ஐயா வணக்கம்,

நான் கரும்பு போட்டிருக்கற விவசாயி. போன மாசம் வெட்டு நடந்தப்ப சோகைக்கு நடுவுல ரெண்டு குட்டி கெடந்துச்சு, உள்ளங்கைல அடங்கற சைஸ், ஒருத்தர் சிறுத்தைக்குட்டின்னு கத்தறாரு, இன்னொருத்தர் அட பூனைக்குட்டிதான்யான்னு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. மாட்டுப்பால் ஊத்திருக்காங்க, மூணாம் நாள் ரெண்டும் செத்துப்போச்சு. நான் எடுத்த போட்டோவ வச்சு அப்புறம் தேடினப்பதான் அது வீட்டுப் பூனையில்ல, துரும்பன் பூனைங்கற காட்டு விலங்குன்னு தெரிஞ்சுது.

பெருசுக்கு சாம்பல் உடம்புல துரு ஏறின மாதிரி புள்ளி இருக்கும், நெத்தியில கோடு, ஆனா குட்டிக்கு புள்ளியெல்லாம் கருப்பு, அதனாலதான் சிறுத்தைன்னு பயந்துடறாங்க. முழுசா வளந்தாலும் ஒன்றரை கிலோ தாண்டறது அபூர்வம், வீட்டுப் பூனைல பாதிகூட வராது. இந்தியா, இலங்கை, நேபாளம் விட்டா வேற எங்கயும் கெடையாது. 1831ல அறிவியல் பேரு வச்சதே புதுச்சேரிப் பக்கம் கெடச்ச பூனைய வச்சுத்தான், இவ்ளோ நம்மூரு பூனைய நமக்கே அடையாளம் தெரியலைங்கறது கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

பகல்ல மரப்பொந்துலயோ புதர்லயோ கெடக்கும், ராத்திரிதான் வேட்டை, கெளைக்கு கெளை சரசரன்னு ஏறும். எலி, ஓணான், தவளை, சின்னப் பறவை எல்லாம் தின்னும். கரும்பக் கடிக்கிற எலிய கூலி வாங்காம புடிக்கிற ஆளு சார் அது. ஒரு ஈத்துக்கு மூணு குட்டிக்கு மேல போடாது, அதுல ரெண்ட நாம தூக்கிட்டா என்ன மிஞ்சும்?

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கற அதே அட்டவணை 1லதான் இதுவும் இருக்கு. தூக்கிட்டுப் போனவரு மேல கேஸ் போடச் சொல்லல, பாவம் அவருக்குத் தெரியாது. வெட்டு மேஸ்திரிங்கள கூப்பிட்டு போட்டோவ காட்டி, குட்டியப் பாத்தா தொடாம அந்த இடத்த விட்டுட்டு தள்ளி வெட்டச் சொல்லுங்க. ராத்திரியும் எடுக்கற ஒரு போன் நம்பர் குடுங்க. உங்க ஆளுங்க வந்தாலும் குட்டிய ஆபீஸுக்குக் கொண்டு போகாம, பொழுது சாஞ்சதும் அதே எடத்துல பெட்டியில வச்சு ஒதுங்கி நிக்கணும், மகாராஷ்டிராவுல கரும்புக்காட்டு சிறுத்தைக் குட்டிங்கள இப்படித்தான் தாயோட சேக்கறாங்க.

எங்க பக்கம் இன்னும் பாதி கரும்புக்காடு வெட்டாம நிக்குது. ஆள் அனுப்பற தேதிய மட்டும் சொல்லுங்க, மேஸ்திரிங்கள நானே கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி