மறைந்த வேலைகளைப் பெயரோடு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘விநோத வேலைகள்’ பக்கத்தைப் படித்தேன். ஜன்னலைத் தட்டி எழுப்பிவிடுபவர், நேரம் விற்றவர், பாவம் தின்றவர், புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைத்த சிறுவன் என்று ஆளுக்கு ஓரிரண்டு வரி, ஒரு கேலிச்சித்திரம். தகவலில் தப்பு இல்லை. ஆனால் அந்த வேலை ஏன் தேவைப்பட்டது, யார் செய்தார், எப்படி ஒழிந்தது என்று ஒரு வார்த்தையும் இல்லை. ‘அந்தக் காலத்து ஆட்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் பார்’ என்ற சிரிப்புதான் மிஞ்சுகிறது. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஜன்னல் தட்டுபவரையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஆலைத் தொழிலாளி நேரத்துக்குப் போகாவிட்டால் கூலியில் பிடித்தம். அலாரம் கடிகாரம் அவர் கைக்கு எட்டும் பொருளாக இல்லை. அதனால் வாரத்துக்குச் சில பென்ஸ் கொடுத்து, விடியுமுன் தன்னை எழுப்ப ஓர் ஆளை வைத்துக்கொண்டார். வடக்கு இங்கிலாந்தில் சில வீடுகளின் வெளிச்சுவரில் சிலேட்டுப் பலகை இருக்கும். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று அதில் சாக்குக்கட்டியால் எழுதிவைப்பார்கள். கதவைப் படபடவென்று தட்டினால் அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள், காசு கொடுக்காதவரும் சேர்ந்து எழுந்துகொள்வார். மாடி ஜன்னலை மட்டும் மெல்லத் தட்ட நீளமான கழி வந்தது இதனால்தான். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற பெண்மணி காய்ந்த பட்டாணியைக் குழாயில் வைத்து ஊதி ஜன்னல் கண்ணாடியில் அடிப்பார். வாரத்துக்கு 6 பென்ஸ் கூலி. அவர் குழாயை உயர்த்திப் பிடித்து நிற்கும் புகைப்படமே இருக்கிறது. அதைப் போட்டிருக்கலாமே.

நேரம் விற்றவரைப் பற்றி ‘லண்டனில் ஒரு பெண் நேரத்தை விற்றாராம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் பெயர் ரூத் பெல்வில். அவருடைய அப்பா ஜான் ஹென்றி பெல்வில் கிரீனிச் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். சரியான மணி கேட்டு ஆட்கள் அங்கே வந்து வானியலாளர்களைத் தொந்தரவு செய்ததால், நேரத்தை ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை 1836-ல் தொடங்கினார். 1856-ல் அவர் இறந்ததும் மனைவி மரியா தொடர்ந்தார். 1892-ல் மகள் ரூத் ஏற்றுக்கொண்டார்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கைக்கடக்கமான கடிகாரம். ஜான் அர்னால்டு என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் செய்தது. குடும்பத்தில் அதற்குப் பெயரே ‘அர்னால்டு’தான். தங்கக் கூட்டோடு போனால் திருடர்கள் பறித்துவிடுவார்கள் என்று வெள்ளிக் கூட்டுக்கு மாற்றிவிட்டார் அப்பா. வாரம் ஒருமுறை ரூத் அதை எடுத்துக்கொண்டு கிரீனிச்சுக்குப் போவார். வானாய்வகத்து மணியோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று சான்றிதழ் எழுதித் தருவார்கள். அப்புறம் லண்டன் தெருக்களில் கடை கடையாக நடை. கடிகாரக் கடைக்காரர்கள் ‘அர்னால்டை’ப் பார்த்துத் தங்கள் மணியைச் சரிசெய்துகொள்வார்கள்.

தந்திக் கம்பி வழியாக நேரம் அனுப்பும் ஒரு கம்பெனியின் இயக்குநர் 1908-ல் மேடையேறி, இது பழைய பஞ்சாங்க முறை என்று தாக்கிப் பேசினார். பெண் என்பதால்தான் காரியம் நடந்தது என்பதுபோலவும் சாடை காட்டினார். பத்திரிகைக்காரர்கள் ரூத்தைத் தேடிக்கொண்டு போனார்கள். விளைவு, அவருக்கு வாடிக்கையாளர்கள் கூடினார்கள்! 1924-ல் வானொலி மணியொலி வந்தது. 1936-ல் தொலைபேசியில் நேரம் சொல்லும் குரல் வந்தது. அப்போதும் ரூத் நடந்துகொண்டிருந்தார். 1940-ல், உலகப்போர் நடுவில், 86 வயதில்தான் நிறுத்தினார். ஒரு குடும்பம் நூறு வருஷத்துக்கு மேல் கட்டிக்காத்த தொழில் இது. இதற்கு ஒரு வரி போதுமா?

பாவம் தின்பவர் என்றால், இறந்தவரின் உடல்மேல் வைத்த ரொட்டியையும் பியரையும் உண்டு அவர் பாவத்தைத் தான் ஏற்றுக்கொள்பவர். வேல்ஸை ஒட்டிய பகுதிகளில் இந்த வழக்கம் இருந்தது. பெரும்பாலும் வேறு வழியில்லாத ஏழைகள்தான் செய்தார்கள். கடைசியாகச் செய்தவர் என்று சொல்லப்படும் ரிச்சர்ட் மன்ஸ்லோ மட்டும் வசதியான விவசாயி. பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த துக்கத்தில் இதை ஏற்றார் என்பார்கள். 1906-ல் இறந்தார். அவர் கல்லறையை 2010-ல் ஊர்க்காரர்கள் பணம் சேர்த்துப் புதுப்பித்தார்கள்.

புகைபோக்கிச் சிறுவனைக் கேலிச்சித்திரமாகப் போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1803-லேயே நீளக் கழியில் மாட்டிய துடைப்பான் வந்துவிட்டது. இருந்தும் வீட்டுக்காரர்களுக்குப் பையன்தான் வேண்டியிருந்தது. 1788 தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் போட்டார்கள், யாரும் மதிக்கவில்லை. 1875 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற 11 வயதுப் பையன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். பிழைக்கவில்லை. அந்த வருஷம் வந்த சட்டம்தான், உரிமம் இல்லாமல் யாரும் இந்தத் தொழில் செய்யக்கூடாது என்று போலீஸ் கையில் அதிகாரம் கொடுத்து, பையன்களை ஏற்றுவதை முடித்துவைத்தது.

நான் இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. நான் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்ற கைத்தட்டில் தலைகீழாக அடுக்கி, தலைகீழாகவே படித்துப் பிழை பார்த்தவன். அச்சு முடிந்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். கொம்பு ஓர் அறை, கால் ஓர் அறை. கண் பார்க்காமலே கை போய்விடும். அந்த வேலை இப்போது இல்லை. நாளைக்கு ‘விநோத வேலைகள்’ பக்கத்தில் நாங்களும் வரலாம். வரட்டும். ஆனால் என்ன தெரிந்திருந்தது எங்களுக்கு, எது வந்து எங்கள் வேலை போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த இதழில் தொலைபேசி ஆபரேட்டர்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். முதலில் வேலைக்கு வைத்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் மரியாதை இல்லாமல் பேசியதால், 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். அவர்தான் முதல் பெண் ஆபரேட்டர். ஆபரேட்டர் இல்லாமல் தானாக இணைப்புக் கொடுக்கும் கருவிக்கு 1891-ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். சவ அடக்கத் தொழில் செய்தவர். இரண்டு பெயரும் இடம்பெறட்டும். கேலிச்சித்திரத்துக்குப் பதில், இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவர்