மொய் நோட்டை மூடி வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். ஆடி பிறந்தால் கீரமங்கலம், பேராவூரணி பக்கமெல்லாம் மொய் விருந்துதான். கறிச்சோறு சாப்பிட்டுப் போட்ட தொகை நோட்டில் ஏறும், அடுத்தவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். 2018 கேரள வெள்ளத்தின்போது எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து டீக்கடைக்காரர் ஒருவர் இதே பாணியில் நிதி திரட்டினார், அது திரும்ப வராத மொய்.

இப்போது சிகிச்சைக்கு, பள்ளிக்கு என்று எங்கள் ஊர்ச் சந்தையிலும் விருந்து வைக்கிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் போன மாதம் நடந்ததில் ஃப்ளெக்ஸ் மட்டும் ஆறு, நிதி யாருக்கு என்பது மூலையில் பொடி எழுத்தில். எவ்வளவு சேர்ந்தது, கறிக்கும் பந்தலுக்கும் எவ்வளவு போனது என்று கேட்டால் "அப்புறம் சொல்றோம்ணே" என்கிறார்கள். கல்யாண மொய்யில் அஞ்சு ரூபாய் பிசகாமல் எழுதுகிற ஊர் இது! சந்தை வாசலில் கணக்கை ஒரு தாளில் ஒட்டுங்கள், பசை நான் வாங்கித் தருகிறேன்.

– ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்