தோட்டத்து நாயைக் கட்டியே போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே குடும்பத்தில் 3 பேர், 2025இல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று தோட்டத்து வீடுகளில் கொலைகள் நடந்த பிறகு, எங்கள் சுற்றுவட்டாரத்தில் பெரிய நாய் வாங்காத வீடு குறைவு. வாங்குவது சரிதான். ஆனால் வாங்கிய நாயை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. ராட்வீலரோ கோம்பையோ, கேட்டுக்குப் பக்கத்தில் நாலடிச் சங்கிலியில் இரவும் பகலும் கிடக்கிறது, கழுத்தில் முடி தேய்ந்து புண்ணாகியும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நாங்களும் அதே தப்பைச் செய்தவர்கள்தான். எங்கள் முதல் நாயைக் குட்டியிலிருந்தே கட்டி வளர்த்தோம், அப்போதுதான் உக்கிரமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. ஒருநாள் சங்கிலி அறுந்தது, பால் கறக்க வந்தவரின் தொடையைக் கவ்விவிட்டது. அவர் தினமும் இரண்டு வேளை வந்து போகிறவர். ஆனால் அந்த நாய்க்கு அவர் யாரென்றே தெரியாது, எட்டாத தூரத்தில் நடமாடுகிற ஒரு ஆள், அவ்வளவுதான். அது நாயின் குற்றமில்லை, எங்கள் குற்றம்.

இப்போது இருப்பவை இரண்டு, ஒரு கோம்பை, ஒரு ராஜபாளையம். வீட்டையும் மாடு கட்டுகிற கட்டுத்தரையையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டு, உள்ளே அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறோம். பகலெல்லாம் வேப்பமரத்தடியில் மாடுகளோடு படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்துவிட்டால் வேலியோரமாக ஒரு சுற்று வந்துவிட்டு, கோம்பை வாசப்படியிலும் ராஜபாளையம் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் படுத்துக்கொள்ளும், இதை யாரும் சொல்லித்தரவில்லை. கீரிப்பிள்ளைக்கு ஒரு குரைப்பு, மயிலுக்கு ஒரு குரைப்பு. ஆள் என்றால் முதலில் குரைக்கவே குரைக்காது, தொண்டைக்குள் ஒரு உறுமல், அதைக் கேட்டதும் அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வெளி விளக்கைப் போட்டுவிடுவார். அந்த உறுமலை அவர் தெரிந்துகொண்டது இத்தனை வருஷம் அதுகளோடு இருந்ததால்தான்.

சோறு எங்கள் கையால் மட்டும்தான், அதுவும் அததன் சட்டியில். கீழே கிடப்பதை வாயில் வைக்கவிடாமல் குட்டியிலிருந்தே பழக்கினோம். திருட வருகிறவன் கறித்துண்டில் விஷம் வைத்து வீசுவான் என்கிற பயம் தோட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. சங்கிலியில் பட்டினி கிடக்கிற நாய் அதை யோசிக்குமா?

அப்புறம் குட்டி வாங்குவது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள், அவ்வளவு பெருமை. ஆனால் பால்வெள்ளை நிறத்துக்குக் காரணமான அதே நிறமிக் குறைவால் சில குட்டிகளுக்குக் காது கேட்பதில்லை. குட்டியின் முதுகுப் பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள், மற்ற குட்டிகள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து. கூட்டத்தில் பார்த்தால் பக்கத்துக் குட்டி திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். காது கேட்காத குட்டியும் அன்பாகத்தான் இருக்கும், ஆனால் இரவுக் காவலுக்கு அதை நம்பிப் படுக்க முடியாது.

அரசிடம் ஒன்று கேட்கிறேன். அவிழ்த்துவிட்டு வளர்க்கிற நாய்க்கு வெறிநோய் ஊசி கட்டாயம், மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். முப்பது கிலோ நாயை மொபெட்டில் வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எழுபது வயதுக்காரர்களால் ஆகிற காரியமா? அதனாலேயே பல தோட்டங்களில் ஊசி தள்ளிப்போகிறது. மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடைத் துறையினர் ஊருக்கே வருகிறார்கள், எங்கள் கட்டுத்தரை வரைக்கும் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். அதே பெட்டியில் நாய்க்கான மருந்தையும் எடுத்து வரச் செய்யுங்கள். மாட்டைப் பிடித்துக்கொள்கிற கையாலேயே நாயையும் பிடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து விவசாயி,
ஈரோடு மாவட்டம்